அம்மாவும் நடந்த பாலைவனப் பாதை

"நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்." பெரியவர்களோடு சுற்றுலா போகும் நம் குடும்பங்களில் இந்த வாக்கியம் ஒருமுறையாவது காதில் விழும். மலை, அருவி, குகை என்று எங்கே போனாலும் படிக்கட்டுகளைப் பார்த்ததும் மூட்டுவலி முந்திக்கொள்ளும். பெரியவர்கள் வாகன நிறுத்துமிடத்திலேயே தங்கிவிடுவார்கள். பிறகு நம் கைப்பேசியில் படம் பார்ப்பதோடு அவர்களின் சுற்றுலா முடிந்துவிடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்கு அக்டோபர் இறுதியில் நாங்கள் போனபோதும் எனக்கு அந்தக் கவலை இருந்தது. அம்மாவுக்கு 68 வயது, கையில் ஊன்றுகோல். மகனுக்கு நான்கு வயது. ஸயான் என்றாலே பலருக்கும் 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' நினைவுக்கு வரும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குறுகிய பாறை முகட்டில் ஏற வேண்டிய பாதை அது. அங்கு ஏற 2022 முதல் முன் அனுமதியும் தேவை. எங்களுக்கு அது ஒத்துவராது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது 'பாருஸ்' பாதை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். முழுத் தூரத்துக்கும் ஏற்றம் சுமார் 15 மீட்டர்தான். படிக்கட்டு கிடையாது. நம் ஊர்ப் பூங்கா இணைப்புப் பாதையைப் போலத் தளம் போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, மிதிவண்டி எல்லாம் போகலாம். நாய்களைக்கூடக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லலாம். ஸயானில் நாய், மிதிவண்டி இரண்டுக்கும் அனுமதியுள்ள பாதை இது ஒன்றுதான்.

பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறி 'கேன்யன் ஜங்ஷன்' நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கிருந்து வருகையாளர் நிலையத்தை நோக்கி, ஆறு ஓடும் திசையிலேயே நடந்தோம். இப்படி நடந்தால் மெல்லிய இறக்கம், மூட்டுக்குச் சுகம். 'வாட்ச்மேன்' சிகரமும் கண்ணெதிரே இருக்கும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். பெயருக்கு ஏற்றாற்போல் பூங்காவின் தெற்கு வாசலில் காவல்காரரைப் போல நிற்கிறது.

இருபுறமும் செம்மண் நிறப் பாறைச் சுவர்கள். தரையில் முட்செடிகள், சப்பாத்திக் கள்ளி. நடுவே வெர்ஜின் ஆறு. அதன் கரையில் மட்டும் காட்டன்வுட் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஆற்றைவிட்டுப் பத்தடி தள்ளிப் போனாலே மண் வறண்டுவிடுகிறது.

"இவ்வளவு காஞ்ச மலையில இந்தத் தண்ணி எங்கேருந்துடா வருது?" என்று பேரனிடம் கேட்டார் அம்மா. "குழாயிலேருந்து பாட்டி!" என்றான் அவன்.

பதில் வடக்கே இருக்கிறது. அங்குள்ள உயர்ந்த பீடபூமியில் பனி விழுகிறது. அது உருகி ஆறாகி இறங்குகிறது. ஸயானில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழைதான். சிங்கப்பூரில் பெய்வது 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஆனாலும் செங்குத்தாக இறங்கும் அந்த ஆறு, மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடி, இந்தப் பள்ளத்தாக்கையே அறுத்து உருவாக்கியிருக்கிறது. அது அறுத்த பாறையும் ஒரு காலத்தில் பாலைவனம்தான். 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மணல் மேடுகள் இறுகிக் கல்லானவையே இந்தச் சுவர்கள்.

'பாருஸ்' என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்களின் சொல். குமிழியிட்டுப் புரண்டு ஓடும் நீர் என்று பொருள். 1909இல் இந்த இடம் முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்டபோது 'முகுன்டுவீப்' என்ற பையூட் பெயரே அதற்கு இருந்தது. 1919இல் ஸயான் தேசியப் பூங்காவானது. ஸயான் என்பது 1860களில் இங்கே குடியேறிய மோர்மன் சமயத்தினர் வைத்த பெயர். பழைய மொழி இந்த எளிய பாதையின் பெயரில் இன்னும் ஒலிக்கிறது. வானொலியில் ஒலியோடு பிழைப்பவள் என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. சிறு பாலங்களில் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்று கேட்டோம். பெயர் சரிதான்.

வழியில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் தன் நாயோடு எங்களைக் கடந்து போனார். எதிரே இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஓர் அப்பா வந்தார். நீளக் காதுகள் கொண்ட மான் ஒன்று புல் மேய்வதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். எங்களுக்குக் கைகாட்டிச் சொல்லும் இடத்தில் அன்று அவர் இருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முழுப் பாதையையும் நடந்து முடித்தார். பேருந்து நிறுத்தம் வந்ததும், "அவ்வளவுதானா?" என்றார்.

உலகப் புகழ்பெற்ற ஓர் இடத்தின் அழகு உச்சி ஏறுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று யாரோ யோசித்துத்தான் ஆற்றங்கரையில் இப்படித் தளம் போட்டிருக்க வேண்டும். அடுத்த குடும்பப் பயணத்தைத் திட்டமிடும்போது, 'அங்கே என்ன பார்க்கலாம்' என்பதோடு 'அங்கே யாரெல்லாம் நடக்கலாம்' என்றும் தேடிப் பாருங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

லாஸ் வேகஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். வசந்தமும் இலையுதிர் காலமும் நடக்க ஏற்றவை. கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாதையில் நிழல் குறைவு என்பதால் காலையிலோ மாலையிலோ நடப்பது நல்லது.

காற்று மிகவும் வறண்டது. நம் ஊரைப் போல வியர்வை சட்டையை நனைக்காது, உடனே காய்ந்துவிடும். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஆற்று நீரைக் குடிக்கக் கூடாது, தலையை முக்கவும் கூடாது. நச்சு நுண்ணுயிரிகள் இருப்பதாக 2020 முதல் பூங்கா நிர்வாகம் எச்சரித்து வருகிறது. பிள்ளைகள்மீது ஒரு கண் இருக்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளமும் வரக்கூடும். அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முழுத் தூரம் முடியாதவர்கள், முடிந்த அளவு நடந்து திரும்பலாம். ஆறு எல்லா இடத்திலும் பக்கத்திலேயே ஓடுகிறது.