வீடு வாங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் முன்னோர். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போன குடும்பங்களுக்கு இப்பழமொழியின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. எனினும், ஆசை முந்திக்கொண்டு ஆராய்ச்சி பிந்திவிடுவதால், வாங்கிய வீட்டினாலேயே நிம்மதி இழந்து நிற்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. கோபுரம் கட்டத் தொடங்கிப் பாதியில் பணம் தீர்ந்து, ஊரார் நகைப்புக்கு ஆளானவனைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்ததை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வறிவுரை நமக்கும் உரியதே.

முதலில் கைப்பணக் கணக்கு. ரூ.25 இலட்சம் பெறும் தனி வீடு ஒன்றைக் கருதுவோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக ரூ.2,25,000. வங்கிகள் இத்தகைய வீட்டுக்கு மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடன் தருவதில்லை. பதிவுச் செலவும் அம்மதிப்பில் சேராது. எனவே குறைந்தது ரூ.4,75,000 நம் கையில் இருத்தல் வேண்டும். இதனைக் கந்துவட்டிக்கு வாங்குவோர் வீட்டோடு வினையையும் வாங்குகின்றனர்.

அடுத்து மாதத் தவணை. ரூ.20 இலட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதந்தோறும் ஏறத்தாழ ரூ.17,360 செலுத்த நேரிடும். மொத்தத்தில் திருப்பித் தருவது நாற்பத்தொன்றரை இலட்சத்துக்கும் மேல்! பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் மருந்து ஆகியவை போக இத்தொகை மிஞ்சுமா எனக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்தல் நலம்.

இனி, பத்திரங்கள். தாய்ப்பத்திரம் முதல் இன்று வரையுள்ள ஆவணங்களின் தொடர்ச்சி, முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெறுக. வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். ஆகவே அசல் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் முன்பணம் கொடுத்தல் ஆகாது. அது வேறெங்கேனும் அடகில் இருக்கலாம்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உயில் எழுதாமல் தந்தை இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், எஞ்சியது ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். மணமாகிச் சென்ற மகள்களின் கையெழுத்தின்றி மகன்கள் மட்டும் விற்கும் வீட்டை வாங்குவது வழக்கை வாங்குவதாகும். அதோடு, ஒரு சகோதரியின் உரிமையைப் பறிக்கும் செயலுக்கு நாமும் துணைபோனவராவோம்.

மனையாயின், முறையான அங்கீகாரம் பெற்றதா எனப் பார்க்க வேண்டும். அடுக்ககமாயின், எட்டு வீடுகளுக்கு மேற்பட்டதோ 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமைவதோ 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட-மனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கட்டுநருக்கு உரிமையில்லை.

தீர்வையை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதி, மீதியை ரொக்கமாகக் கொடுக்கும்படி சிலர் தூண்டுவர். ரூ.20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டம் இடந்தருவதில்லை. பின்னர் வழக்கு எழுந்தால், எழுதப்படாத பணத்தைக் கொடுத்ததாக மெய்ப்பிப்பது எளிதன்று. சீசருக்குரியதைச் சீசருக்குச் செலுத்துவது நம் மனச்சான்றின் கடமையுமாகும்.

பதிவு முடிந்தபின் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றை நம் பெயருக்கு மாற்ற மறத்தல் கூடாது. மனைவியின் நகைகளும் அவ்வீட்டில் கல்லாகியிருக்குமாயின், பத்திரத்தில் அவர் பெயரும் இடம்பெறுவதே நீதி. இவையனைத்தும் செவ்வனே முடிந்தபின், பங்குத்தந்தையை அழைத்து வீட்டை மந்திரிப்போம். நாசரேத்தின் திருக்குடும்பம் சிறிய இல்லத்தில் வாழ்ந்தது. நம் இல்லமும் சிறிதாயிருக்கலாம். அதில் பிறர் கண்ணீரும் தீராக் கடனும் கலவாதிருக்கட்டும்.