மனநலச் சிகிச்சையில் தைராய்டு மாத்திரை: கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு

மனநல மருத்துவர் எழுதித்தந்த சீட்டில் தைராய்டு மாத்திரையைப் பார்த்ததும், "எனக்குத் தைராய்டே இல்லையே!" என்று திகைப்பவர்கள் உண்டு. அந்தத் திகைப்பு நியாயமானது. அதற்கு விளக்கம் தருவது மருத்துவரின் கடமை.

இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர் சில காலம் தூக்கமே வேண்டாத மிகை எழுச்சியிலும், சில காலம் எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்விலும் இருப்பார். ஓர் ஆண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ இப்படி வந்தால், லித்தியம் போன்ற மருந்துகளுக்கும் நோய் எளிதில் அடங்குவதில்லை. அப்போது, எடுத்துவரும் மருந்துகளை நிறுத்தாமல் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையையும் சில மருத்துவர்கள் சேர்த்துத் தருகிறார்கள்.

குறைவை ஈடுகட்டுவதும் மனநிலைக்காகத் தருவதும் ஒன்றல்ல

தைராய்டு குறைவே மனச்சோர்வு போலத் தோன்றலாம். லித்தியமும் தைராய்டின் வேலையைக் குறைக்கக்கூடும். ஆகவே லித்தியம் எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறைவு இருந்தால் அதை ஈடுகட்டும் வழக்கமான அளவே போதும்.

தைராய்டு சரியாக இருப்பவருக்கு அதிக அளவில் கொடுப்பது வேறு சிகிச்சை. 1990-இல் அமெரிக்காவில் பாவர், வைப்ரோ என்ற ஆய்வாளர்கள் 11 பேருக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்கு மனச்சோர்வு குறைந்தது. ஆனால் 2014-இல் 62 பேரிடம் நாளுக்கு 300 மைக்ரோகிராம் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் ஒட்டுமொத்தமாக உறுதியான வேறுபாடு தெரியவில்லை. சிலருக்குப் பலன் தரலாம். எல்லோருக்கும் தரும் என்ற உறுதி கிடையாது.

ஆபத்துகள்

படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, எடைக்குறைவு வரலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுவிழக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தூக்கம் குறைந்து பேச்சும் வேகமும் கூடினால், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சட்டம் தரும் உரிமை

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம், பக்கவிளைவுகள் ஆகியவற்றை அறியும் உரிமையைத் தருகிறது (பிரிவு 22). மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம் (பிரிவு 25). உங்கள் சார்பில் பேச நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம் (பிரிவு 14). குறை இருந்தால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், அங்கு தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம் (பிரிவு 28).

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது குறைவை ஈடுகட்டவா, மனநிலையைச் சீராக்கவா? ரத்தம், இதயம், எலும்புப் பரிசோதனைகள் எப்போது? பலன் இல்லையென்றால் எப்போது, எப்படி நிறுத்துவோம்?

பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.