மண்டையைத் திறவாமல் மூளையைக் கண்ட கணக்கு

கணக்கு வகுப்பில் ஒருங்கமைச் சமன்பாடுகளைப் போட்டுப் போட்டுக் கை வலிக்கும்போது, "சிஸ்டர், இதெல்லாம் எதற்குப் பயன்படப் போகிறது?" என்று கேட்காத மாணவி எந்தப் பள்ளியிலும் இருக்கமாட்டாள். நாங்களும் கேட்டோம். "மூளையில் வளரும் கட்டியைக் கண்டுபிடிக்க" என்று பதில் வந்தது. சிஸ்டர் எங்களைக் கேலி செய்கிறார் என்றே முதலில் எண்ணினோம். பிறகு நூலக அலமாரிகளைக் குடைந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது. அப்படி நாங்கள் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

கணிப்பொறி மருத்துவத்துக்குச் செய்துவரும் உதவிகள் பல. நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறது. இதயத் துடிப்பை இரவு பகலாகக் கண்காணிக்கிறது. அவை இருக்கட்டும். கணிப்பொறி இல்லாவிட்டால் பிறந்தே இருக்க முடியாத ஒரு கருவியை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதுதான் சி.டி. ஸ்கேன்.

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழலே அன்றோ? பத்து மெல்லிய தாள்களில் பத்து வெவ்வேறு வாக்கியங்களை எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லா எழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எதையும் படிக்க முடியாமல் போகும். தலையின் எக்ஸ் கதிர்ப் படமும் அப்படித்தான். கெட்டியான மண்டையோட்டின் நிழலில் மென்மையான மூளை மறைந்துவிடும். மூளைக்குள் கட்டி இருந்தாலும், இரத்தம் கசிந்திருந்தாலும் படத்தில் தெரியாது.

ஆகவே மருத்துவர்கள் வேறு வழி தேடினர். 1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி ஒரு முறையை வெளியிட்டார். முதுகுத் தண்டில் ஊசி குத்தி, மூளையைச் சூழ்ந்துள்ள நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்துவார்கள். காற்று மூளையின் அறைகளுக்குள் ஏறியதும் படம் எடுப்பார்கள். காற்று எல்லா அறைகளுக்கும் போய்ச் சேர வேண்டுமென்பதற்காக நோயாளியை நாற்காலியில் கட்டி முன்னும் பின்னும் சாய்ப்பதும் உண்டு. தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் பின்னர் பல நாட்கள் நீடிக்கும். இத்தனை வேதனைக்குப் பிறகும் கட்டி கண்ணில் படாது; காற்று நிரம்பிய அறை ஒரு பக்கமாக நசுங்கியிருப்பதைப் பார்த்து, அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே வழக்கில் இருந்தது என்பதை நினைத்தால் மனம் கலங்குகிறது.

இதை மாற்றியது ஒரு கணக்கு. அதைத் தங்கையர்க்கும் புரியும்படி சொல்ல முயல்கிறோம். நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ் வரிசை 9. இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் கூட்டினால் 6, வலப்பக்கம் 10. எண்களைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது, பல விடைகள் பொருந்தும். ஆனால் குறுக்காகவும் ஒரு முறை பார்த்து, இட மேல்மூலையையும் வல கீழ்மூலையையும் கூட்டினால் 7 என்று சொல்லிவிட்டால் ஒரே விடைதான். மேலே 2, 5. கீழே 4, 5. எத்தனை கோணத்திலிருந்து பார்க்கிறோமோ, அத்தனைக்கு உள்ளே இருப்பது துலங்கும். எக்ஸ் கதிர் ஒன்று தலைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்போது, வழியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதும் இப்படிப்பட்ட ஒரு கூட்டுத்தொகையே. கூட்டுத்தொகைகளை எல்லாத் திசைகளிலிருந்தும் சேகரித்தால், ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதைக் கணக்கிட்டு, வாழைத்தண்டை வட்டமாக நறுக்கியது போன்ற படமாக மூளையைக் காணலாம். கத்திதான் தேவையில்லை.

இந்த எண்ணம் 1967-இல் இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளருக்குத் தோன்றியது. டேண்டி தம் முறையை வெளியிட்ட அதே 1919-இல் பிறந்தவர். விவசாயியின் மகன், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை கற்று, பின்னர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து கணிப்பொறி அமைத்தவர். இ.எம்.ஐ. என்றால் விளங்காதவர்கள், கிராமஃபோன் முன் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட பழைய இசைத்தட்டுகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அந்த நிறுவனமே தான்.

ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் மேல் தம் முதற் கருவியைப் பொருத்தினார். ஒரே ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளைச் சேகரிக்க 9 நாட்கள் பிடித்தன! அவற்றைக் கணிப்பொறி கணக்கிட்டு முடிக்க மேலும் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் தளரவில்லை. முதலில் பதப்படுத்திய மூளையைச் சோதித்தார். படம் மிக நன்றாக வந்தது. ஆனால் பதப்படுத்திய மருந்தே அளவுகளை மிகைப்படுத்தியிருந்தது பிறகு தெரியவந்தது. அதனால் புதிதாக எடுத்த மாட்டு மூளைகளைக் கொண்டுவந்து மறுபடியும் சோதித்தார். நல்ல முடிவையே சந்தேகித்த இந்த நேர்மை எங்களுக்கு மிகவும் பிடித்தது.

1971 அக்டோபர் 1. லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி அந்தக் கருவியில் தலை வைத்துப் படுத்தார். ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற மருத்துவர் உடனிருந்தார். ஒரு வரிசையில் 160 அளவுகள். பிறகு ஒரு பாகை திரும்பி மீண்டும் 160. இவ்வாறு 180 முறை. மொத்தம் 28,800. இவற்றைக் கொண்டு 6,400 கட்டங்களுக்கு விடை காண வேண்டும். நாங்கள் ஒருத்தி நாளைக்கு நூறு சமன்பாடு வீதம் எழுதினாலும், எழுதி முடிக்கவே 288 நாட்கள் ஆகும். விடை காண்பது வேறு. அளவுகளைக் காந்த நாடாவில் பதித்துக் கணிப்பொறிக்கு எடுத்துச் சென்றார்கள். படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அறுவை செய்தபோது, படத்தில் கண்டபடியே கட்டி இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள்.

இந்தக் கணக்கைத் தென்னாப்பிரிக்காவில் ஆலன் கார்மக் என்பவர் முன்னரே போட்டு வைத்திருந்தார் என்பது இன்னொரு விந்தை. அவருடைய கட்டுரைகள் 1963-லும் 1964-லும் வெளிவந்தன. கவனித்தவர்கள் மிகச் சிலரே. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராயும் நிலையம் ஒன்று கட்டுரையின் பிரதி கேட்டு எழுதியதாம்! அவருக்கும் முன்னே, 1917-இல், ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடன் இதன் அடிப்படையைத் தீர்த்துவிட்டிருந்தார். அப்போது அது வெறும் கணிதமாகவே கிடந்தது. கணக்குப் போடும் பொறி இன்னும் பிறக்கவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இருவருமே டாக்டர் பட்டம் பெறாதவர்கள்.

இது எங்கோ லண்டனில் நடந்த கதை என்று இருந்துவிட முடியவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, விடியற்காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து பாத்திரத்தை நழுவவிட்டார். வாய் கோணிப் பேச்சுக் குழறியது. பக்கவாதம். இது இரு விதமாக வரும். மூளை இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படலாம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசியலாம். வெளியே தெரியும் அறிகுறிகள் ஒன்றே போலிருக்கும். ஆனால் அடைப்பைக் கரைக்கும் மருந்தை இரத்தக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே உலை. அடைப்பு என்றாலோ, அம்மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்கேன் படத்தில் புதிய இரத்தம் வெண்மையாகத் தெரியும். பாட்டியின் படத்தில் வெண்மை இல்லை. மருந்து ஏற்றினார்கள். வலது கையால் இப்போது கோலம் போட வருவதில்லை. பேச்சு பழையபடி வந்துவிட்டது. எப்போது தொடங்கியது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டாராம். "பால்காரர் வந்துபோன கையோடு" என்று தோழியின் அம்மா சரியாகச் சொன்னது எவ்வளவு உதவியாயிற்று!

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேன் எக்ஸ் கதிரால் எடுக்கப்படுவது. தலைக்கு எடுக்கும் ஒரு ஸ்கேனில், நெஞ்சுக்கு எடுக்கும் சாதாரணப் படத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு கதிர் உடலில் படுகிறது. ஆகவே வெறும் தலைவலிக்கெல்லாம் நாமாகவே ஸ்கேன் வேண்டுமென்று கேட்பது சரியல்ல; குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இன்னும் கவனம் வேண்டும். கணிப்பொறிக்கு எதைச் சொல்கிறோமோ அதையே அது செய்யும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் கருவிக்குத் தவறான அளவைக் குறித்து வைத்ததால், 206 நோயாளிகளுக்கு எட்டு மடங்கு கதிர் பாய்ந்தது. 2009-இல் அது வெளிவரும்வரை ஏறத்தாழ 18 மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. சிலருக்கு முடி கொட்டிய பிறகே சந்தேகம் பிறந்தது.

ஹவுன்ஸ்ஃபீல்டு 2004-இல் மறைந்தார். ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு 1000 வரையிலும் அதற்கு மேலும். உங்கள் வீட்டில் யாருக்கேனும் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் எச்.யூ. என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், முதல் எழுத்து அவருடைய பெயர். இரண்டாவது அலகைக் குறிப்பது.