சர்வே எண்ணுக்கு என்ன நிறம்?

மனை வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து அலசிவிடுகிறார். நிலம் யாருக்குச் சொந்தம் என்பது அதில் தெரிந்துவிடும். அங்கே வீடு கட்டலாமா என்பது தெரியாது. அதைச் சொல்வது நிலப் பயன்பாட்டு வரைபடம். குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு நிறம் உண்டு.

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் சென்னைப் புறநகரில் அந்த வரைபடத்தைக் கேட்டவர்கள் குறைவு. வயலை வாங்கியவர் கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பலகை வைப்பார். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாள்தான் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’. பத்திரமும் சிக்கலின்றிப் பதிவாகும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி வேண்டும் என்பதை மட்டும் வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. வீடும் அப்படித்தான். மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்ட இடத்தில் கடைக்கால் விழும். பக்கத்து வீட்டை ஒட்டியே சுவர் எழும். விதிமீறிய கட்டடத்தைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தலாம் என்று 1999-ல் அரசே வழி திறந்தபின், ‘கட்டிட்டுப் பாத்துக்கலாம்’ என்பது வழக்கமே ஆகிவிட்டது.

அதற்கு அடி விழுந்தது 2016 செப்டம்பரில். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவைத்திருந்த மனையை விற்க முடியாமல் குடும்பங்கள் தவித்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி மீட்க 2017-ல் விதிகள் வந்தன. நீர்நிலையில் போட்ட மனைக்கு அந்த வழியும் இல்லை.

இன்று மாநிலம் முழுமைக்கும் 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு என்ற கணக்கில் 4,800 சதுர அடி வரை கட்ட இடமுண்டு; முன்பு 1.5 என்றிருந்தபோது 3,600-தான். ஆனால் முன்னும் பக்கவாட்டிலும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும். காகிதத்தில் கிடைக்கும் பரப்பு முழுவதும் மண்ணில் கிடைக்காது.

2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. வந்தபோது அதன் வரம்பு 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும்; வரம்புக்குள் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. முன்கூட்டியே யாரும் இடத்தை வந்து பார்ப்பதில்லை. பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். அலைச்சல் போனது. கூடவே, தப்பு நடந்தால் அதிகாரியைக் கைகாட்டும் வசதியும் போனது. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது நீங்கள்; அது பொய்யானால் அனுமதி ரத்தாகும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். சென்னை என்றால் சிஎம்டிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம்; வெளியூர் என்றால் டிடிசிபி-யின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். விற்பவர் காட்டும் பட்டா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.