கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

"தம்பி, கேஸ் முடிஞ்சிட்டு; கொஞ்சம் அடிச்சி விடுங்க" என்பார்கள் இறைச்சிக்கடை முதலாளிமார். பெற்றோல் போல எரிந்து தீர்வதல்ல கேஸ். மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால், எங்கோ கசிகிறது.

எனக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் ஓட்டையைத் தேடாமல் மூன்று தடவை அடிப்பித்தார். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கொம்பிரசர் மோட்டாரின் சூட்டைத் தணிப்பது. அது குறைந்து மோட்டார் எரிந்தது. ஒரு பிரீசர் இறைச்சியும் நாசம்.

நான் முதலில் நைதரசன் ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுவேன். குமிழி காட்டிக் கொடுக்கும். அடைத்தபின் வெக்கியூம் பம்ப். அவசரக்காரர் விடுவது இதைத்தான். மிஞ்சும் ஈரம் கெப்பிலரிக் குழாய் முனையில் உறைந்து அடைத்துவிடும். பிறகே, பிரீசர் தகட்டில் உள்ள கிராம் கணக்குக்கு நிறுத்து கேஸ் ஏற்றுவது. தராசு கொண்டுவராத மெக்கானிக்கிடம் அடிப்பிக்க வேண்டாம்.