துருவும் வண்ணமும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் பெரியோர் வாக்கு. பழைய வண்டிக்கு வண்ணம் பூசுவதற்கும் இப்பழமொழி அப்படியே பொருந்தும். பளபளக்கும் மேல்பூச்சைக் கண்டு எல்லோரும் மகிழ்கிறோம். அதற்கு அடியில் உள்ள தகடு உறுதியாக இல்லையென்றால் அந்தப் பளபளப்பு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது. ஒரு பழைய பிக்கப் வண்டியை வீட்டு முற்றத்திலேயே புதுப்பிப்பது எப்படி, ஒவ்வொரு வேலைக்கும் காரணம் என்ன என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த வேலையில் கூடமாட இருந்து நான் கற்றுக்கொண்டவை இவை.

முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த தொட்டியும் உடைய சிறு சரக்கு வண்டியே பிக்கப். காரின் பின்பகுதியை வெட்டிவிட்டுப் பெட்டி பொருத்திக்கொள்வது அமெரிக்க விவசாயிகளின் வழக்கமாக இருந்தது. அதைக் கண்ட ஃபோர்டு நிறுவனம் 1925-ஆம் ஆண்டில் தன் 'மாடல் டி' வண்டியைப் பெட்டியுடனேயே தயாரித்து 281 டாலருக்கு விற்றது. இன்று நம் ஊரில் காய்கறி, பூ, மீன், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் சுமப்பவை இவ்வகை வண்டிகளே.

எங்கள் அப்பா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிச் செல்பவர். ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்பும் கலந்து, தினமும் வண்டியின் தொட்டியில் ஒழுகும். பல ஆண்டுகள் ஒழுகியதில் தொட்டியின் தரை செல்லரித்த ஏடுபோல் ஆகிவிட்டது. தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளும் நெருங்கியது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை சொன்னார். புது வண்டிக்குக் கடன் வாங்கினால் அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை. ஆகவே இந்த வண்டியையே பிழைக்க வைப்பது என்று வீட்டில் முடிவாயிற்று.

துரு என்பது என்ன?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கிறது. இதை நாம் வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். உப்பு இருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், இரும்பின் மேற்பரப்பில் நடைபெறும் மின்வேதி வினை வேகம் பெறுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு அதன்மேல் போர்வைபோல் ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் உள்ளே இருக்கும் இரும்பு மறுபடியும் வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும்.

டில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணை நினைத்துப் பாருங்கள். ஏழு மீட்டருக்குச் சற்று அதிக உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அத்தூண், சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேற்பரப்பில் இரும்பு பாஸ்பேட் கலந்த மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருப்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். நம் வண்டித் தகட்டில் அவ்வளவு பாஸ்பரஸ் கிடையாது. எனவே காப்பை நாம்தான் வெளியிலிருந்து பூசவேண்டும். வண்ணப் பூச்சின் முதல் வேலை இந்தக் காப்புத்தான். அழகு அதற்குப் பிறகே.

முதலில் சோதனை

வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸிஸைப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். அரித்த இரும்பு 'சொத்' என்று அடங்கும். சேஸிஸ் அரித்துப்போயிருந்தால் அந்த வண்டிக்கு வண்ணம் பூசுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. எங்கள் வண்டியின் சேஸிஸ் உறுதியாக இருந்தது. தொட்டியின் தரை, சக்கரத்தின் மேல்வளைவுகள், கதவுகளின் அடிப்பகுதி ஆகியவையே கெட்டிருந்தன. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் கதவுக்குள் நீர் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும்.

பிறகு விளக்குகள், பம்பர், ரப்பர் பீடிங் முதலியவற்றைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைத் துண்டிப்பது அவசியம். கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எந்த இடத்துத் திருகு என்று எழுதி வைப்பது என் பொறுப்பாயிற்று. முப்பத்தெட்டுப் பைகள் சேர்ந்தன!

கழுவுதலும் சுரண்டுதலும்

உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் வண்டியைச் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால், தேய்த்த கீறல்களுக்குள்ளேயே அது புகுந்துகொள்ளும். உப்பு சிறிதளவு தங்கினாலும் போதும். பூச்சின் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கிவிடும். கடலோரத்து வண்டிக்கு இது மிக முக்கியம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ஆம் ஆண்டில்தான் பிறப்பிக்கப்பட்டது. ஆகவே பழைய பூச்சை உலர்வாகச் சுரண்டாமல் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். சிறு பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. தேய்த்த கழிவை வாரிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்; செடிகொடிகளுக்கு அருகில் கொட்டக்கூடாது. என் தம்பி அந்த இரண்டு வாரமும் பாட்டி வீட்டில் இருந்தான்.

துருவைக் கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் அகற்றலாம். ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை. இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அதனால் பட்டறை அண்ணாச்சியிடம் விட்டோம். "ஓட்டையப் பட்டி வச்சு அடைச்சா, அது ஓட்டைக்குப் போட்ட மூடிதான் பிள்ளே, மருந்து இல்ல" என்றார் அவர். பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

எட்டாத மூலைகளில் தங்கிய துருவுக்குத் 'துரு மாற்றி' என்னும் திரவம் உண்டு. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டில்லித் தூணின் இரகசியமும் இதனோடு உறவுடையதே. டானின் கலந்தது துருவைக் கறுப்பாக்குகிறது. கலம்காரித் துணியில் கடுக்காயின் டானினும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு நிறம் தருவதும் இதே வினையால்தான். நம் முன்னோர் துணியில் செய்ததை நாம் தகட்டில் செய்கிறோம்!

பிரைமரும் பட்டியும்

சுத்தம் செய்த தகட்டை ஒரே ஓர் இரவு கடற்காற்றில் விட்டாலும் காலையில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். ஆகவே அன்றன்று தேய்த்த பகுதிக்கு அன்றன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். பெரும்பாலோர் ரெட் ஆக்சைடு பூசுவார்கள். உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் இரு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் கூடுதலாகத் தாங்கும். அது தோலை உறுத்துமாதலால் கையுறை வேண்டும்.

நெளிவுகளை டிங்கரிங் செய்து கூடியவரை நிமிர்த்திய பின்னரே பட்டி வைக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, தடித்தால் வெடித்துவிடும். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் போதும். நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதால் சிறிது சிறிதாகவே குழைக்க வேண்டும்.

காய்ந்த பட்டியை மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் மணல் நுண்ணியதாகும். 80-இல் தொடங்கி, 180, 320 என்று படிப்படியாக ஏற வேண்டும். மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. கறுப்பு வண்ணத்தை மிக மெல்லியதாகத் தூவி, காய்ந்ததும் தேய்த்தால், மேட்டில் கறுப்பு மறையும், பள்ளத்தில் தங்கும். பள்ளத்தை இப்படிக் கண்டுபிடித்து மீண்டும் பட்டி வைக்கலாம். பிறகு மறுபடியும் பிரைமர் பூசி, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்தால் தகடு கண்ணாடிபோல் வழுவழுப்பாகும். இந்தத் தேய்ப்பு வேலையில் பெரும்பகுதி அம்மாவும் நானும் செய்தது. "வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா, "சோறு போடுற வண்டியில்லா!" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள்.

எந்தப் பெயிண்ட்?

வண்டிகளுக்குப் பூசப்படும் பெயிண்டுகளை, அவை உலரும் விதத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது நைட்ரோசெல்லுலோஸ் வகை. தின்னர் ஆவியாகிப் போவதால் இது உலர்கிறது. பழைய பெயிண்டுகள் காய வாரக்கணக்கில் ஆன காலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' பெயிண்ட் சில மணி நேரத்தில் காய்ந்து, 1924-ஆம் ஆண்டு ஓக்லாண்ட் கார்களில் பூசப்பட்டுப் புகழ் பெற்றது. நம் ஊர்ப் பெயிண்டர்கள் இன்றும் 'டூக்கோ' என்று சொல்வது இதிலிருந்து வந்ததே. காற்றில் ஈரம் மிகுந்தால் இது வெளுத்துப் பூத்துவிடும்.

இரண்டாவது சிந்தெடிக் எனாமல். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. முற்றும் இறுகாத எனாமலின்மேல் முதல் வகையைப் பூசினால், அதன் தின்னர் அடிப்பூச்சைச் சுருங்கிக் கிளம்பச் செய்யும்.

மூன்றாவது இரு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன். மிக உறுதியானது, பளபளப்பு நீடிப்பது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. அதைப் புகைபோல் தூவும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். துணிக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி தரும் கவசம் வேண்டும். ஆகவே வீட்டு முற்றத்தில் இதைத் தூவுவது தகாது. அப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு என்பதால் நாங்கள் எனாமலையே தேர்ந்தெடுத்தோம். தொட்டியின் உட்புறத்துக்கு, எங்கள் ஊரில் படகுகளுக்குப் பூசுவதுபோல் பிரஷ்ஷாலேயே பூசினோம். வெளிப்புறத்துக்கு மட்டும் வாடகைக் கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வந்தன. அதை அடித்த சித்தப்பா இரசாயன ஆவியை வடிகட்டும் கவசம் அணிந்திருந்தார்.

பெயிண்ட் அடிக்கும் நேரமும் முக்கியம். பனி உலர்ந்த பின், கடற்காற்று எழும்பும் முன் உள்ள காலை வேளையே ஏற்றது. வண்டி நிழலில் நிற்க வேண்டும்; தகடு சுட்டால் பெயிண்ட் பரவுமுன் காய்ந்து ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும். கன்னை ஒரு சாண் தூரத்தில், தகட்டுக்கு இணையாக நகர்த்தி, ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி அடிக்க வேண்டும். ஒரே தடித்த பூச்சு வழிந்துவிடும். மெல்லிய பல பூச்சுகளே நிலைக்கும். அருகில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து வைக்க வேண்டும்.

சட்டமும் பராமரிப்பும்

விரும்பிய நிறத்தையெல்லாம் பூசிவிட முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, ஆலிவ் பச்சை நிறம் இராணுவ வண்டிகளுக்கே உரியது. பதிவுச் சான்றிலும் வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் பழைய நீலத்தையே பூசினோம். வண்டி தகுதிச் சோதனையில் தேறியது. அப்பா மறுவாரமே சந்தைக்குப் புறப்பட்டார். அக்காவின் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது.

பூச்சு முடிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. எனாமல் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மெழுகுப் பாலிஷ் வேண்டாம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் தொட்டியையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கீறல் விழுந்தால் அன்றைக்கே சிறிது பெயிண்ட் தொட்டு வைக்க வேண்டும். பெரிய துரு எல்லாம் சிறு கீறலில்தான் தொடங்குகிறது.

தோழியரே! இந்த வேலைக்கு ஆன நாள்களை என் குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் இருபத்தாறு நாள்கள். அவற்றில் மேல்வண்ணம் பூசியது இரண்டே நாள்கள். மீதி இருபத்து நான்கு நாள்களும் கழுவுதல், சுரண்டுதல், தேய்த்தல், காத்திருத்தல் ஆகியவற்றிலேயே கழிந்தன. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிளோ, இரும்புக் கட்டிலோ, சன்னல் கம்பியோ துருப்பிடித்துக் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்தால், ஒரு தாள் உப்புத்தாள் வாங்கி வாருங்கள்!