உண்ணிக் காய்ச்சலும் மரபணுச் சான்றும்: வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

‘உண்ணிக் காய்ச்சல்’ என்னும் பெயர் மக்கள் வழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களைச் சுட்டுகிறது. அவற்றைப் பிரித்தறிவதில் மரபணுச் சோதனையின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. காய்ச்சலின் நாள், எடுக்கப்படும் மாதிரி, தேடப்படும் மரபணு ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் சோதனை முடிவு நம்பகமானதாகும் என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், ரிக்கெட்சியா, பி.சி.ஆர்., புதுச்சேரி.

முன்னுரை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் ஊசுட்டேரி, பாகூர் ஏரி முதலிய நீர்நிலைகளையும் நெல், கரும்பு வயல்களையும் கொண்ட வேளாண் பகுதிகள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரப்புகளிலும் புதர்களிலும் புல் தழைக்கும். மழையும் குளிரும் நிலவும் இம்மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் மிகுவதைப் புதுச்சேரி, தமிழக நோயாளிகளைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியுள்ளது. டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியனவும் இதே பருவத்தில் பரவுகின்றன. காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை அனைத்திற்கும் பொதுவாக இருப்பதால், அறிகுறிகளை மட்டும் கொண்டு நோயைத் துணிய இயலாது.

பெயரும் நோயும்

ஸ்க்ரப் டைபஸ் நோய்க்குக் காரணம் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா. இதைப் பரப்புவது உண்மையில் உண்ணியன்று. டிராம்பிகுலிட் வகைச் சிற்றுயிரியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்பருவம். மாறாக, ரிக்கெட்சியா கொனோரி போன்றவற்றால் வரும் புள்ளிக்காய்ச்சல் வகை நோய்களையே நாய் முதலிய விலங்குகளில் ஒட்டும் உண்ணிகள் பரப்புகின்றன. ஒரியன்ஷியாவும் முன்பு ரிக்கெட்சியா பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. 1995-இல்தான் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

இவ்விரு வகைக்கும் புதுச்சேரி வட்டாரத்தில் சான்றுகள் உள்ளன. புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் பிடிக்கப்பட்ட மூஞ்சூறு, எலி ஆகியவற்றில் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் என்னும் கடத்தியும் ஒரியன்ஷியாவும் இருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. நோயாளிகளிடம் புள்ளிக்காய்ச்சல் வகைக்கான குருதிநீர்ச் சான்றைப் புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டனர்.

எதிர்ப்பொருள் சோதனையின் எல்லை

நெடுங்காலம் வழக்கிலிருந்த வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை எளியது. எனினும் அதன் உணர்திறன் குறைவு. இன்று பரவலாகப் பயன்படும் ஐ.ஜி.எம். எலைசா அதனினும் மேம்பட்டது. ஆயினும் எதிர்ப்பொருள் முதல் வாரத்தின் பிற்பகுதியில்தான் அளவிடத்தக்க நிலையை எட்டும். ஆகவே காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளில் எடுத்த குருதி எதிர்மறை முடிவு தரலாம். மறுபுறம், ஐ.ஜி.எம். பல மாதங்கள் நீடிக்கக்கூடும். நோய் நிலைகொண்ட ஊர்களில் முந்தைய தொற்றின் சுவடே இன்றைய காய்ச்சலின் காரணமாகத் தோன்றிவிடும்.

மரபணுச் சோதனையின் செயல்முறை

பி.சி.ஆர். எதிர்ப்பொருளுக்காகக் காத்திராமல் நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வையே பெருக்கிக் காட்டுவது. இதில் மரபணுத் தேர்வு முதன்மையானது. ஒரியன்ஷியாவின் 56 கிலோடால்டன் புரத மரபணு கார்ப், காட்டோ, கில்லியம் முதலிய வகைகளைப் பிரித்தறிய உதவும். ஆனால் அது மிகுதியாக வேறுபடுவது. வட்டார வகையின் வரிசையோடு தொடக்கி இழைகள் பொருந்தாவிடில் தொற்று இருந்தும் முடிவு எதிர்மறையாகும். 47 கிலோடால்டன் புரத மரபணு அதைவிட மாறாத்தன்மை உடையது. மரபுத்தொகுதியில் பல படிகளாக அமைந்த டிரா-டி மரபணுவை இலக்காகக் கொண்டால் உணர்திறன் கூடுகிறது. புள்ளிக்காய்ச்சல் வகைக்கு ஓம்ப்-ஏ, ஜி.எல்.டி.ஏ. ஆகிய மரபணுக்கள் தேடப்படுகின்றன. ஓம்ப்-ஏ மட்டும் தேடும் சோதனை ஒரியன்ஷியாவைக் காட்டாது. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று மட்டும் எழுதி அனுப்பும் சோதனைப் படிவம் இவ்விடத்தில்தான் இடர் தருகிறது.

மாதிரியும் சம அளவு முக்கியமானது. இப்பாக்டீரியா செல்களுக்குள் மட்டுமே வாழ்வதாலும், குருதிக்குழாய் உள்வரிச் செல்களைத் தாக்குவதாலும், குருதியில் சிறிதளவே, அதுவும் சில நாட்களே காணப்படும். குருதியின் வெள்ளணுப் படலத்தைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது பயன்தரும். கடிவாயில் உண்டாகும் கருத்த பொருக்கு குருதியைவிடச் சிறந்த மாதிரி. நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கிய பின்னரும் அதில் டி.என்.ஏ. கிடைக்கக்கூடும். வலியற்ற அப்பொருக்கு அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் இருப்பதால், உடலை முழுமையாகப் பார்க்காத பரிசோதனையில் தவறிவிடுகிறது. பெண் நோயாளிகளிடம் இது மேலும் நிகழ வாய்ப்புண்டு.

இரு சுற்றுகளாக நடத்தப்படும் உள்ளமை பி.சி.ஆர். உணர்திறன் மிக்கது. ஆனால் முதல் சுற்றின் விளைபொருளைத் திறந்து கையாள வேண்டியிருப்பதால் மாசு கலந்து பொய்நேர்மறை முடிவு எழலாம். மூடிய குழலிலேயே நிகழும் நிகழ்நேர பி.சி.ஆர். இக்குறையைக் குறைக்கிறது.

சிகிச்சையும் கண்காணிப்பும்

டாக்சிசைக்ளின் இவ்விரு வகை நோய்க்கும் பயன்படும். செல்லுக்குள் வாழும் இக்கிருமிகளுக்குப் பென்சிலின் வகை மருந்துகள் பயன்படா. ஆகவே ஐயம் வலுவாக இருக்குமிடத்துச் சோதனை முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைத்தல் கூடாது. கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்து தனி மருந்தைவிட நற்பயன் தந்ததை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான பன்மைய ஆய்வு 2023-இல் நிறுவியது.

அவ்வாறாயின் நோய்க்காரணியைப் பிரித்தறிதல் எதற்கு எனலாம். தடுப்புமுறை வேறுபடுவதே விடை. நாயின் உண்ணியை நீக்குவதால் வரப்புப் புதரிலுள்ள சிற்றுயிரி குறையாது. புதரை அகற்றுவதால் வீட்டு நாயின் உண்ணி ஒழியாது.

முடிவுரை

எதிர்மறை பி.சி.ஆர். முடிவு தொற்றின்மைக்குச் சான்றாகாது. ஒற்றை எலைசா முடிவும் இன்றைய தொற்றை உறுதிசெய்வதாகாது. முதல் வாரத்தில் பி.சி.ஆர்., அதன்பின் எலைசா என இரண்டையும் இணைத்தலே பொருத்தம். இதற்கு ஆரம்பச் சுகாதார நிலையம் செய்ய வேண்டியவை அரியன அல்ல: காய்ச்சல் தொடங்கிய நாளைப் படிவத்தில் குறித்தல், பொருக்கைத் தேடிப் பதிதல், நுண்ணுயிர்க்கொல்லி தருவதற்கு முன் குருதி எடுத்தல், ஐயுறும் நோயின் பெயரைத் தெளிவாக எழுதுதல். இந்நான்கும் இல்லாவிடில் ஆய்வகத்தின் நுட்பம் எத்துணை உயர்ந்ததாயினும் பயன் குறையும்.